எத்திகெத்தாரா, ரோத்துலாரா? ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் லேபிள் ஒட்டப் போகிறவர்களுக்கு

ஸ்பெயினின் வீகோவில் அந்தக் கடைக்காரர் நான் சொன்னதைக் கேட்டுவிட்டு அளவு டேப்போடு வெளியே வந்தார். என் பழைய காரை ஒரு சுற்றுச் சுற்றினார், கதவை அளந்தார், பின்பக்கக் கண்ணாடியையும் அளந்தார். பிறகு "எத்தனை கலர்?" என்றார். கறுப்பு மட்டும் போதும் என்றேன். அவர் எழுதிக் கொடுத்த தொகையைப் பார்த்து எனக்குத் தலை சுற்றியது. நான் கேட்டது காருக்குள் இருந்த 600 பொடிப் பாக்கெட்டுகளுக்கு லேபிள். அவர் விலை போட்டது காருக்கு எழுத்து ஒட்டுவதற்கு.

தப்பு என்னுடையதுதான். நாங்கள் இருப்பது போர்ச்சுகலின் போர்த்தோவில். இறக்குமதியாளர் ஒருவர் வழியாக இட்லிப் பொடி, பருப்புப் பொடி, பெருங்காயம் எல்லாம் வரும். லேபிள் வேலையை நாங்கள் ஏற்றுக்கொண்டிருந்தோம். போர்ச்சுகீசில் லேபிள் ஒட்டுவதற்கு 'ரோத்துலார்' என்று கற்றிருந்தேன். ஸ்பானிய அகராதியிலும் அதே சொல் அதே எழுத்தில் இருக்கிறது. எல்லை தாண்டினாலும் செல்லும் என்று நம்பி, "ரோத்துலார் பண்ணணும், காரில் இருக்கு" என்று எனக்குத் தெரிந்த ஸ்பானிஷில் சொல்லிவிட்டேன். அவர் காரைத்தான் பிடித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு பட்டுத் தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன். கடை வைப்பவர்கள், கிடங்கில் லேபிள் ஒட்டும் வேலைக்குச் சேர்கிறவர்கள், ஊரிலிருந்தே சரக்கு அனுப்புகிறவர்கள் எல்லாருக்கும் உதவும்.

1. முதலில் நாடு, அடுத்து பொருள், பிறகுதான் வினைச்சொல்

இரண்டு வினைச்சொற்கள் இருக்கின்றன. ஒன்று எத்திகெத்தார் (இ-டி-ஐ-கியூ-யு-இ-டி-ஏ-ஆர்). இன்னொன்று ரோத்துலார் (ஆர்-ஓ-டி-யு-எல்-ஏ-ஆர்). இரண்டும் இரண்டு மொழியிலும் உண்டு, எழுத்தும் மாறாது. வேலைப் பங்கீடுதான் வேறு.

ஸ்பெயினில் ஊறுகாய் பாட்டிலானாலும் டி-ஷர்ட்டானாலும் ஃபிரிட்ஜானாலும் எத்திகெத்தார்தான். ஒட்டும் தாள் எத்திகேத்தா, ஒட்டும் வேலை எத்திகெத்தாதோ. அங்கே ரோத்துலோ என்றால் கடை வாசலில் தொங்கும் பெயர்ப்பலகை. பலகை எழுதுவதும் வண்டியில் எழுத்து ஒட்டுவதும் ரோத்துலார். ரோத்துலதோர் என்று கேட்டால் ஸ்கெட்ச் பேனாவை எடுத்து நீட்டுவார்கள்.

போர்ச்சுகலில் பொருளைப் பார்த்துச் சொல் மாறும். உணவுக்கும் ரசாயனத்துக்கும் ரோத்துலார். தாள் ரோத்துலோ, வேலை ரோத்துலாஜெம். துணிக்கும், ஃபிரிட்ஜில் மின்சிக்கனம் காட்டும் ஸ்டிக்கருக்கும், விலைச்சீட்டுக்கும் எத்திகெத்தார். அந்த வேலை எத்திகெத்தாஜெம். ஆகவே திருப்பூரிலிருந்து பனியன் அனுப்புகிறவருக்கு இரண்டு நாட்டிலும் ஒரே வினை. பொடி அனுப்புகிறவருக்குத்தான் இரண்டு.

சந்தேகம் வந்தால் அகராதியைவிடச் சட்டப் புத்தகம் நம்பகமானது. ஐரோப்பிய ஒன்றியத்தின் உணவுத் தகவல் விதி 1169/2011 எல்லா நாட்டுக்கும் ஒரே விதி. அதன் ஸ்பானியப் பிரதியில் எத்திகெத்தாதோ என்றிருக்கும் இடத்தில் போர்ச்சுகீசியப் பிரதியில் ரோத்துலாஜெம் என்றிருக்கும். துணிகளுக்கான 1007/2011 விதியில் போர்ச்சுகீசும் எத்திகெத்தாஜெம் என்றே சொல்கிறது. ஒன்றியத்தின் சட்டத் தளமான யூர்-லெக்ஸில் இரண்டு மொழிப் பிரதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கலாம், காசு கிடையாது. ஒரு மாலை முழுவதும் அப்படிப் படித்தேன். மூன்று மாத மொழி வகுப்பில் கிடைக்காதது அதில் கிடைத்தது.

ஒழுங்கான விதி இது என்று நினைத்துவிடாதீர்கள். கையடக்கமாக, நாடாவில் எழுத்து அடித்துத் தரும் சிறு மெஷினை ஸ்பெயினிலும் ரோத்துலதோரா என்பதுண்டு. கடையில் விலைச்சீட்டு அடிக்கும் துப்பாக்கி போன்ற கருவிக்குப் பெயர் எத்திகெத்ததோரா.

2. வாயில் வரப் பழகுங்கள்

கியூ-யு சேர்ந்து வருவதைப் பார்த்ததும் 'க்வெ' என்று சொல்லத் தோன்றும். வேண்டாம், வெறும் 'கெ'தான். ஸ்பெயினில் எத்திகெத்தார் என்று எழுத்துக்கு எழுத்துச் சொன்னால் போதும். போர்ச்சுகலில் அழுத்தம் விழாத எ-கள் சுருங்கி, 'இத்திகித்தார்' என்பதுபோல் காதில் விழும். பிரேசில்காரர் வாயில் 'தி' 'ச்சி'யாகி, கடைசி ஆர் விழுங்கப்பட்டு, 'எச்சிகெத்தா' ஆகும். மூன்றும் ஒரே சொல் என்று எனக்கு உறைக்கச் சில வாரம் ஆனது.

ரோத்துலாரில் ஸ்பானியர் முதல் ர-வை நாக்கு அதிர உருட்டுவார்கள். போர்த்துகீசியர் அதைத் தொண்டையிலிருந்து எடுப்பார்கள், கிட்டத்தட்ட 'ஹுத்துலார்'. போர்த்தோ கிடங்கில் "ஹோத்துலு, ஹோத்துலு" என்று யாராவது கத்தினால் உங்களைக் கூப்பிடவில்லை, லேபிளைக் கேட்கிறார்கள்.

3. அழுத்தம் மாறினால் அர்த்தம் மாறும்

வினையாக இரண்டும் சாது. ஒழுங்கான ஆர்-முடிவு வினைகள், விதிவிலக்கு ஏதும் இல்லை. பொறி இருப்பது அழுத்தத்தில்.

ஸ்பானிஷில் முதல் அசையை அழுத்தினால் ரோத்துலோ என்பது பலகை. நடு அசையை அழுத்தினால் 'நான் எழுதுகிறேன்'. கடைசி அசையை அழுத்தினால் 'அவர் எழுதினார்'. மேலே போடும் சிறு கோடு ஒன்றுதான் வித்தியாசம் காட்டும். அந்தக் கோட்டை விட்டுவிட்டு மின்னஞ்சல் அனுப்பினால், யார் செய்தது என்று எதிராளி குழம்புவார்.

எத்திகெத்தாரில் நான் மாட்டியது இன்னும் மோசம். 'ஒட்டிவிட்டேன்' என்பதற்குக் கடைசி அசையை அழுத்தி எத்திகெத்தே என்று சொல்ல வேண்டும். நான் நடு அசையை அழுத்தி எத்திகேத்தே என்றேன். அதற்கு 'நீங்கள் ஒட்டுங்கள்' என்று பொருள். வயதில் பெரிய கிடங்கு மேலாளரிடம் நான் வேலை ஏவியதுபோல் ஆகிவிட்டது. நல்ல மனிதர், சிரித்தார். போர்ச்சுகீசில் இந்தக் கவலை இல்லை. இறந்தகாலம் எத்திகெத்தேய், ரோத்துலேய் என்று தனியாக ஒலிக்கும்.

இன்னொன்று. ரோத்துலோ என்பதன் கடைசி ஓ-வை ஆ-வாக எழுதிவிடாதீர்கள். ரோத்துலா என்றால் இரண்டு மொழியிலும் முழங்கால் சில்லு. "எல்லாப் பாக்கெட்டிலும் முழங்கால் சில்லு சரியாக இருக்கிறது" என்று ஒருமுறை எழுதி அனுப்பியிருக்கிறேன்.

4. கிடங்கில் காதில் விழும் சொற்கள்

ஸ்பெயினில் 'சின் எத்திகெத்தார்' என்றால் லேபிள் இல்லாத சரக்கு. 'போர் எத்திகெத்தார்' என்றால் இனிமேல் ஒட்ட வேண்டிய சரக்கு. பெட்டிமேல் முதலாவது எழுதியிருந்தால் அது அந்தப் பெட்டி இருக்கும் நிலை, இரண்டாவது எழுதியிருந்தால் உங்களுக்கு வேலை. போர்ச்சுகலில் உணவுப் பெட்டியில் 'போர் ரோத்துலார்' என்று இருக்கும். 'மால் எத்திகெத்தாதோ' என்றால் தப்பாக ஒட்டியது. 'ரெஎத்திகெத்தார்' என்றால் உரித்துவிட்டுத் திரும்ப ஒட்டு. இதைக் கேட்டால் அன்றைக்கு வீட்டுக்குப் போக நேரமாகும்.

ஒரு நுணுக்கம். எத்திகேத்தா என்றால் தாள் மட்டும். எத்திகெத்தாதோ என்றால் பொருளோடு போகும் தகவல் முழுவதும், அதாவது பாக்கெட்டில் அச்சடித்தது, கூட வரும் ஆவணம், பெயர், படம், எல்லாம். சோதனைக்கு வருகிறவர் 'எத்திகெத்தாதோவில் குறை' என்றால் ஸ்டிக்கரை மட்டும் மாற்றிவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. போர்ச்சுகலில் ரோத்துலோவுக்கும் ரோத்துலாஜெமுக்கும் இதே வித்தியாசம். அங்கே சோதனைக்கு வருவது ஆசாயே என்று சுருக்கமாக அழைக்கப்படும் உணவு, பொருளாதாரக் கண்காணிப்பு அமைப்பு.

5. கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

அச்சகத்துக்கோ மொழிபெயர்ப்பவரிடமோ போவதற்கு முன் ஊரில் தயாரிப்பவரிடமிருந்து ஃபிச்சா தெக்னிகா வாங்கிவிடுங்கள். பொருளின் விவரத் தாளுக்கு இரண்டு மொழியிலும் இதே பெயர். அதில் சேர்மானங்கள் எடை அதிகமானதிலிருந்து குறைந்தது வரை வரிசையாக, முக்கியமானவற்றுக்குச் சதவீதத்தோடு இருக்க வேண்டும். சேர்மானத்துக்குள் சேர்மானம் இருந்தால் அதுவும் வேண்டும். நம்மவர்கள் சறுக்குவது இங்கேதான். கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு இருக்கும். "பெருங்காயம்" என்று ஒற்றைச் சொல்லாக எழுதிவிட்டால் கோதுமை மறைந்துபோகும்.

ஒன்றியத்தின் விதி ஒவ்வாமை தரும் 14 வகைகளைக் கட்டாயம் தனித்துக் காட்டச் சொல்கிறது. கடுகும் எள்ளும் நிலக்கடலையும் கோதுமையும் பாலும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. நம் அடுக்களையில் பாதி அதற்குள் வந்துவிடும்.

அடுத்தது சத்து விவரம். ஆய்வகத்தில் பரிசோதித்தே ஆக வேண்டும் என்று ஒருவர் சொன்னதை நம்பி நான் இரண்டு வாரமும் கணிசமான பணமும் செலவழித்தேன். அப்படிக் கட்டாயம் இல்லை. ஏற்கப்பட்ட உணவுச் சத்துப் பட்டியல்களிலிருந்து கணக்கிடவும் விதி இடம் தருகிறது. போர்ச்சுகலில் ரிக்கார்தோ ஜோர்ஜ் தேசிய சுகாதார நிறுவனத்தின் பட்டியலும், ஸ்பெயினில் பெத்கா பட்டியலும் இலவசமாகக் கிடைக்கின்றன. வெறும் மசாலா அல்லது மசாலாக் கலவை என்றால் சத்துப் பட்டியலே தேவையில்லை. ஆனால் உளுந்தும் கடலைப்பருப்பும் வறுத்து அரைத்த இட்லிப் பொடியை மசாலா என்று வாதாடப் போகாதீர்கள்.

இவற்றோடு தொகுதி எண், நிகர எடை, ஒன்றியத்துக்குள் இருக்கும் இறக்குமதியாளரின் பெயர், முகவரி. கோயம்புத்தூர் முகவரி மட்டும் போதாது.

6. வாசகத்தை எழுதுவது

போர்ச்சுகலில் போர்ச்சுகீசிலும் ஸ்பெயினில் குறைந்தது ஸ்பானிஷிலும் கட்டாயத் தகவல்கள் இருக்க வேண்டும். இரண்டு மொழியையும் ஒரே ஸ்டிக்கரில் போடத் தடை இல்லை. நாங்கள் அப்படித்தான் போடுகிறோம், இடம்தான் இடிக்கிறது. எழுத்தின் உயரம், சின்ன எழுத்து 'எக்ஸ்'-ஐ அளந்தால் 1.2 மி.மீட்டருக்குக் குறையக் கூடாது. பாக்கெட்டின் பெரிய பக்கம் 80 சதுர செ.மீட்டருக்கும் சிறியதாக இருந்தால் 0.9 மி.மீ. வரை போகலாம்.

மொழிபெயர்ப்புச் செயலியை நம்பி அப்படியே அச்சுக்குக் கொடுக்காதீர்கள். 'பிளாக் கிராம்' என்று உளுந்தை அடித்துப் பார்த்தபோது எனக்குக் கிடைத்தது 'கிராமா ப்ரேத்தா'. போர்ச்சுகீசில் கிராமா என்றால் எடை அளவு, இல்லையென்றால் புல். கறுப்புப் புல் கலந்த இட்லிப் பொடியை விற்க நான் தயாராகத்தான் இருந்தேன். மேல்மாடியில் குடியிருக்கும் டீச்சரம்மா பார்த்துச் சொன்னதால் தப்பித்தேன். நிலக்கடலை போர்ச்சுகீசில் அமென்தொயிம், ஸ்பெயினில் ககவேத்தே. எள் இரண்டிலும் சேசமோ. கடுகு ஒன்றில் மொஷ்தார்தா, மற்றதில் மொஸ்தாசா. இவற்றைத் தடித்த எழுத்தில் போடுங்கள்.

தேதியில் கவனம். "தயாரித்த நாளிலிருந்து 12 மாதம்" என்ற நம்மூர் வாசகம் செல்லாது, நேராகத் தேதி வேண்டும். நாள் போட்டால் 'இந்த நாளுக்கு முன் உண்பது நல்லது' என்ற பொருளில் ஸ்பானிஷில் 'கொன்சுமிர் ப்ரெஃபெரென்தெமென்தே ஆன்தெஸ் தெல்', போர்ச்சுகீசில் 'கொன்சுமிர் தெ ப்ரெஃபெரென்சியா ஆன்தெஸ் தெ'. மாதமும் ஆண்டும் மட்டும் போட்டால் நடுவில் 'முடிவுக்குள்' என்ற பொருளில் 'ஃபின்' அல்லது 'ஃபிம்' சேர வேண்டும். 3 மாதத்துக்கு மேல் 18 மாதம் வரை தாங்கும் பொருளுக்கு மாதம், ஆண்டு போதும். சீக்கிரம் கெடும் உணவுக்கு வாசகமே வேறு, ஸ்பானிஷில் 'ஃபேச்சா தெ கதுசிதாத்', போர்ச்சுகீசில் 'கொன்சுமிர் அத்தே'. பொடிக்கு அதைப் போட்டு நீங்களே உங்கள் சரக்கின் ஆயுளைக் குறைத்துக்கொள்ளாதீர்கள்.

உப்பு இன்னொரு பொறி. நம் பாக்கெட்டில் சோடியம் மில்லிகிராமில் இருக்கும். இங்கே உப்பு என்று கிராமில் போட வேண்டும். சோடியத்தை 2.5-ஆல் பெருக்குங்கள். 800 மி.கி. சோடியம் என்றால் 2 கிராம் உப்பு. தசமத்துக்குப் புள்ளிக்குப் பதில் கமா போடும் ஊர் இது, 1.5 என்பதை 1,5 என்று எழுத வேண்டும். ஆற்றலைக் கிலோஜூல், கிலோகலோரி இரண்டிலும் காட்ட வேண்டும்.

7. அச்சு, செலவு, நாள்

விலை கேட்கும்போது ஸ்பெயினில் ப்ரெசுபுவெஸ்தோ, போர்ச்சுகலில் ஓர்சமென்தோ என்று கேளுங்கள். ஸ்பெயினில் அச்சகம் தேடும்போது 'எத்திகேத்தாஸ் அதெசிவாஸ்' என்று, அதாவது ஒட்டும் லேபிள் என்று தேடுங்கள். 'ரோத்துலசியோன்' என்று பலகை வைத்த கடைக்குள் என்னைப்போல் நுழையாதீர்கள்.

முதல் 600 ஸ்டிக்கரை நாங்கள் மொத்தமாகக் குப்பையில் போட்டோம். உப்புக் கணக்கு தப்பு, தேதி வாசகமும் தப்பு. ஆகவே முதல் சுற்றுக்கு அச்சகம் வேண்டாம். ஒரு சின்ன லேபிள் பிரிண்டர் வாங்கி 50 அடியுங்கள், பிழை பாருங்கள். நான் வாங்கியது 120 யூரோ சொச்சம், இரண்டாவது சரக்கிலேயே காசு எடுத்துவிட்டது. வாங்கும்போது ரிப்பன் போடும் வகையாகப் பாருங்கள். ரிப்பன் இல்லாமல் சூட்டில் மட்டும் எழுதும் வகை மலிவு, ஆனால் வெயில் படும் ஜன்னலோரத்தில் சில வாரங்களில் எழுத்து வெளிறிவிடும். அழியாத எழுத்து என்பது விதி.

ஒட்டும்போது பழைய தொகுதி எண்ணையும் தேதியையும் மூடிவிடாதீர்கள். எங்கள் வீட்டுக்காரர் ரூபாய் விலையை மறைப்பதாக எண்ணி, பக்கத்திலேயே இருந்த தொகுதி எண்ணையும் சேர்த்து மூடி, 200 பாக்கெட்டை உரிக்க வைத்தார். ஹேர் ட்ரையரால் சூடு காட்டினால் ஸ்டிக்கர் அலுங்காமல் வரும்.

நாள் கணக்கு: விவரத் தாள் ஊரிலிருந்து வர எங்களுக்கு மூன்று வாரம் ஆனது, கேட்டுக் கேட்டு. வாசகம் எழுத ஒரு வாரம். வேறு யாரையாவது படித்துப் பார்க்கச் சொல்ல இரண்டு நாள். அச்சு, ஒட்டு எல்லாம் சேர்த்து நான்கு நாள். சரக்குக் கப்பலில் ஏறும் முன்பே முதல் வேலையைத் தொடங்கிவிட்டால் கிடங்கு வாடகை மிச்சம்.

8. கடல் தாண்டி அனுப்பினால்

பிரேசிலிலும் உணவுக்கு ரோத்துலாஜெம்தான். ஆனால் குளூட்டன் உண்டா இல்லையா என்று இரண்டில் ஒன்றை எழுதியே ஆக வேண்டும், இது 2003-ஆம் ஆண்டுச் சட்டம். சர்க்கரையோ கொழுப்போ சோடியமோ அதிகமென்றால் முன்பக்கம் பூதக்கண்ணாடிப் படம் வேண்டும் என்ற விதி 2022 அக்டோபரில் அமலுக்கு வந்தது. மெக்சிகோவில் எத்திகெத்தாதோ, 2020 அக்டோபர் முதல் முன்பக்கம் கறுப்பு எண்கோண எச்சரிக்கைகள். அந்த எண்கோணத்தை 2016-லேயே கொண்டுவந்தது சிலி. அர்ஜென்டினா உணவுச் சட்டத் தொகுப்பில் ரோத்துலாதோ என்ற சொல் உணவு லேபிளுக்கே வரும், வண்டிக்கு அல்ல. அதே நாட்டின் 2021-ஆம் ஆண்டு முன்பக்க லேபிள் சட்டத்தை எல்லாரும் எத்திகெத்தாதோ என்கிறார்கள். ஸ்பெயினுக்கு அடித்த ஸ்டிக்கரை அப்படியே அங்கே அனுப்பலாம் என்று கனவு காணாதீர்கள். நிலக்கடலைக்கே மெக்சிகோவில் ககவாத்தே, தெற்கே மானி.

9. மனிதர்மேல் ஒட்டும்போது

நாம் பாக்கெட்டில் லேபிள் ஒட்டுவோம், ஆளுக்கு முத்திரை குத்துவோம். இவர்களுக்கு இரண்டுக்கும் ஒரே வினை. "என்னைச் சோம்பேறி என்று முத்திரை குத்திவிட்டார்கள்" என்பதை ஸ்பானியர் 'மே எத்திகெத்தாரோன் தெ வாகோ' என்பார். போர்த்துகீசியர் ரோத்துலாரைப் போடுவார். கடுமையாகச் சொல்ல ஸ்பானிஷில் தில்தார், தச்சார் என்று வேறு இரண்டு உண்டு. போர்ச்சுகீசிலும் இந்தத் தச்சார் உண்டு, ஒலி 'தஷார்'. வரி விதிப்பதற்கான வினைக்கும் அதே ஒலி, எழுத்து மட்டும் வேறு. நாளிதழ் படிக்கும்போது குற்றம் சாட்டினார்களா, வரி போட்டார்களா என்று எழுத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஸ்பானியக் கல்யாணப் பத்திரிகையில் 'தெ எத்திகேத்தா' என்றிருந்தால் லேபிள் ஏதும் இல்லை, கோட்டு சூட்டில் வா என்று அர்த்தம். பட்டு வேட்டிக்கு யாரும் முகம் சுளிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கடைக்குப் பேஸ்புக் பக்கம் வைத்திருந்தால், வாடிக்கையாளரிடம் படத்தில் எங்களை 'டேக்' செய்யுங்கள் என்று கேட்க ஸ்பெயினில் எத்திகெத்தார் போதும். போர்ச்சுகலில் இதெந்திஃபிகார், பிரேசில்காரரிடம் மார்கார். போர்த்தோவில் போய் ரோத்துலார் என்று கேட்டால், எந்தப் பாட்டிலில் என்று திருப்பிக் கேட்பார்கள்.